வேலிக்கு ஓணான் சாட்சி

பிஜிபி தெரிந்த ஆளா என்று பார்க்க நேர்முகத் தேர்வுகளில் கேட்கும் ஒரு கேள்வி இன்னும் ஓய்வு பெறவில்லை: ^$ எதைப் பிடிக்கும்? ‘நம்முடைய சொந்த ரூட்களை’ என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. பயிற்சி மையங்களிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பதில் தவறு. ^$ பிடிப்பது ஏஎஸ் பாதை காலியாக இருக்கிற ரூட்களை. காலியாக இருப்பதும் நம்முடையதாக இருப்பதும் பெரும்பாலான நாட்களில் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. ஒன்றாக அமையாத நாளில்தான் நிறுவனத்தின் பெயர் செய்தியில் வருகிறது.

ஓய்ந்துபோன விஷயத்தை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், ஆர்பிகேஐ வளர வளர இந்தப் பழைய ரெஜெக்ஸ் வடிகட்டிகளுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. 2024 மே மாதத்தில் உலகத்து ஐபிவி4 ரூட்களில் பாதிக்கு மேல் ஆர்ஓஏ கையெழுத்துக்குள் வந்துவிட்டன. அதன் பிறகு எங்கே போனாலும் ஒரே வாதம்: ‘பிரிஃபிக்ஸ் யாருடையது என்பதை ஆர்பிகேஐ சரிபார்க்கிறது, அது எந்த வழியாக வந்தது என்பதை ஏஎஸ் பாத் ஃபில்டர் சரிபார்க்கிறது, இரண்டும் போட்டாயிற்று, வேலை முடிந்தது.’ கேட்க நன்றாக இருக்கிறது. இதன் இரண்டாம் பாதி சரியில்லை என்பது என்னுடைய நெடுநாள் கட்சி. ஏஎஸ் பாத் ஃபில்டர் பாதையைச் சரிபார்ப்பதே இல்லை. பக்கத்து நெட்வொர்க் ‘இதுதான் பாதை’ என்று எழுதி அனுப்பிய வரியை, நாம் எழுதிவைத்த ஒரு வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அவ்வளவுதான்.

கொடுக்க வேண்டிய மதிப்பை முதலில் கொடுத்துவிடுகிறேன். ரெஜெக்ஸ் வடிகட்டிக்குச் செலவு கிடையாது. தனி சர்வர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், வெளியே எந்தத் தரவுத்தளத்தையும் நம்பி இருக்க வேண்டாம். இருபது வருடப் பழைய ரௌட்டரிலும் ஓடும். அது அழகாக வேலை செய்கிற இடமும் உண்டு. 2019 ஜூன் 24 அன்று பென்சில்வேனியாவைச் சேர்ந்த டிகியூஇ என்ற சிறு இன்டர்நெட் நிறுவனம் தன்னிடம் இருந்த ‘பிஜிபி ஆப்டிமைசர்’ உருவாக்கிய துண்டு ரூட்களைத் தன் வாடிக்கையாளரான ஓர் உலோகக் கம்பெனிக்குக் கசியவிட்டது. அந்தக் கம்பெனி அவற்றைத் தன் இன்னொரு இணைப்பான வெரைசனுக்குத் தள்ளியது. வெரைசன் அப்படியே உலகத்துக்குச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் தன் உலக டிராஃபிக்கில் சுமார் 15 சதவீதத்தை அந்த நேரத்தில் இழந்தது. அந்த ரூட்களின் பாதையைப் பார்த்தால் 701 396531 33154 3356 13335 என்று இருக்கும். இதில் 3356 என்பது லெவல் 3. ஓர் உலோகக் கம்பெனி வெரைசனுக்கு லெவல் 3-க்கு வழி காட்ட வேண்டிய தேவை என்ன? வாடிக்கையாளர் இணைப்பில் _3356_ இருந்தால் தள்ளு என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜாப் ஸ்னைடர்ஸ் 2016-இல் என்டிடியில் முன்வைத்த ‘பியர்லாக்’ இதே யோசனையின் கட்டுக்கோப்பான வடிவம்தான். நல்ல யோசனை. இன்றும் எல்லோரும் போட வேண்டும்.

2009 பிப்ரவரி 16 நிகழ்வையும் சேர்த்துக்கொள்ளலாம். செக் நாட்டின் சுப்ரோ நிறுவனம் (ஏஎஸ் 47868) தன் மைக்ரோடிக் ரௌட்டரில் ‘எத்தனை முறை சேர்க்க வேண்டும்’ என்று கேட்ட இடத்தில் தன் ஏஎஸ் எண்ணையே எழுதிவிட்டது. 47868-ஐ 256-ஆல் வகுத்து மீதி 252. ரௌட்டர் அத்தனை முறை எண்ணை அடுக்கி அனுப்ப, உலகமெங்கும் சிஸ்கோ ரௌட்டர்கள் தடுமாறின. அளவுக்கு மீறி நீண்ட பாதையைத் தள்ள ஒரு வரி போதும். இதுவும் பாதை வடிகட்டியின் கணக்கில் வரவு. வரவு இத்துடன் முடிந்தது.

ரூட் வடிகட்டச் சிலர் இன்னும் பயன்படுத்தும் ஆக்சஸ் லிஸ்டைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பாக்கெட்டுக்காகச் செய்த கருவியை ரூட்டுக்கு மாட்டியதால் வந்த கோணல் அது. ஸ்டாண்டர்டு லிஸ்டில் 172.16.0.0 0.0.255.255 என்று அனுமதி எழுதினால், அது பார்ப்பது நெட்வொர்க் முகவரியை மட்டும். மாஸ்க்கை அது பார்ப்பதில்லை. /16 நுழையும், உள்ளே இருக்கிற /24, /32 எல்லாம் நுழையும். 172.16.0.0/12 என்ற பெரிய தொகுதியும், முகவரி ஒன்றேதான் என்பதால், கூடவே நுழைந்துவிடும். மாஸ்க்கையும் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்டென்டட் லிஸ்ட்டுக்குப் போக வேண்டும்: 172.16.0.0 0.0.255.255 255.255.255.0 0.0.0.0. சோர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் நெட்வொர்க். டெஸ்டினேஷன் இருக்க வேண்டிய இடத்தில் மாஸ்க். இதை எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் படித்தால் புரியாது. பிரிஃபிக்ஸ் லிஸ்ட் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் ஆக்சஸ் லிஸ்டால் ரூட் வடிகட்டுபவரோடு வாதாட எனக்கு ஆர்வம் இல்லை. பிரிஃபிக்ஸ் லிஸ்டும் புனிதப் பசு அல்ல: சிஸ்கோவில் காலி லிஸ்ட் எல்லாவற்றையும் அனுமதிக்கும். பாலிசி இல்லாத வெளி இணைப்பில் எதையும் ஏற்காதே, எதையும் அனுப்பாதே என்று ஆர்எஃப்சி 8212 சொல்வதற்கு 2017 வரை ஆகிவிட்டது.

ரெஜெக்ஸ் விஷயம் வேறு. அதைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் திறமைசாலிகள். அதனால்தான் ஆபத்து.

ஒரு பிஜிபி செஷனில் பக்கத்து ரௌட்டரிடமிருந்து ஒரு ரூட் வருகிறது. பாதை 64500 64510 64499. இந்த மூன்று எண்களில் நம் ரௌட்டருக்குச் சொந்தமாகத் தெரிந்தது எது? முதல் எண் மட்டும்தான். செஷனை அமைக்கும்போதே ‘எதிரே இருப்பவர் 64500’ என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். சிஸ்கோ ரௌட்டர் முதல் எண் அதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் தள்ளிவிடும். மீதி இரண்டும் 64500 சொல்லக் கேட்டவை. 64510 உண்மையில் அந்த ரூட்டைக் கையில் தொட்டதா, 64499 உண்மையில் அதை வெளியிட்டதா, எதற்கும் ஆதாரம் இல்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்தக் கதை. சாட்சி சொல்பவரும் சாட்சியால் பயன்பெறுபவரும் ஒருவரே. அந்தச் சாட்சியத்தை எத்தனை நுணுக்கமான ரெஜெக்ஸால் அலசினாலும் சாட்சி மாறப்போவதில்லை.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 64500 என்பது நம் வாடிக்கையாளர். அவருக்குச் சொந்தமானது 203.0.113.0/24. நாம் ஒரு வங்கியின் 198.51.100.0/24-ஐ அவரிடமிருந்து ஒருபோதும் வாங்கக்கூடாது. உள்வரும் வடிகட்டியாக ^64500(_64500)*$ என்று கச்சிதமாக எழுதியிருக்கிறோம். அவர் தன் எண்ணை எத்தனை முறை அடுக்கினாலும் சரி, வேறு எண் கலந்தால் வெளியே. பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண்.

இப்போது மூன்று அறிவிப்புகள் வருகின்றன. முதலாவது, 203.0.113.0/24, பாதை 64500. நேர்மையானது, நுழைகிறது. இரண்டாவது, 198.51.100.0/24, பாதை 64500 64510 64499. தன் இன்னொரு இணைப்பில் கேட்டதை வாடிக்கையாளர் தவறுதலாக நம்மிடம் கசியவிட்டிருக்கிறார். தடுக்கப்படுகிறது, பலே. மூன்றாவது, அதே 198.51.100.0/24, ஆனால் பாதை வெறும் 64500. வாடிக்கையாளரின் ரௌட்டரில் யாரோ ரீடிஸ்ட்ரிபியூட் கட்டளையைத் தவறாகப் போட்டு, பழைய பாதை அழிந்து, வங்கியின் ரூட் அவருடையதாகவே பிறந்து வருகிறது. அல்லது வேண்டுமென்றே செய்திருக்கிறார். ரெஜெக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் அறிவிப்புக்கும் இதற்கும் அதனால் வித்தியாசம் காண முடியாது. நுழைகிறது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது சிறிய தவறு. வந்த வழியின் தடம் அப்படியே இருக்கிறது. மூன்றாவது பெரிய தவறு, தடம் அழிந்துவிட்டது. வடிகட்டி தடம் வைத்த தவறைத் தண்டிக்கிறது, தடம் அழித்த தவறுக்கு வழிவிடுகிறது. தவறு பெரிதாக ஆக ஆகப் பாதை சுத்தமாகத் தெரிகிறது. ஒரு பாதுகாப்புக் கருவிக்கு இதைவிடத் தலைகீழான குணம் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பலர் இவ்வளவு கச்சிதமாகக்கூட எழுதுவதில்லை. ^64500_ என்று எழுதி, ‘64500-இடமிருந்து வருவதை மட்டும் வாங்குகிறேன்’ என்று குறிப்பும் போட்டு வைப்பார்கள். முதல் எண் 64500 இல்லாவிட்டால் ரௌட்டரே தள்ளிவிடும் என்று மேலே சொன்னேன். ஆக, இந்த வரி அந்த செஷனில் வருகிற ஒவ்வொரு ரூட்டையும் பிடிக்கும். ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உலக ரூட்கள் முழுவதையும் அவர் அனுப்பினாலும் பிடிக்கும். எதையும் வடிகட்டாத வடிகட்டி. ஆடிட்டுக்கு வருபவர் ‘உள்வரும் ஃபில்டர் உண்டு’ என்று குறித்துக்கொண்டு போவார்.

^$ வெளிச்செல்லும் திசையில் இதே பிழையின் மறுபக்கம். சிறு நிறுவனம் ஒன்று இரண்டு பெரிய நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகிறது. ஒருவரிடம் கேட்டதை மற்றவருக்குச் சொல்லி இடைவழியாக மாறிவிடக் கூடாது என்பதற்காக வெளியே ^$ போடுகிறது. சாதாரண நாட்களில் சரி. ஒரு நாள், பிஜிபியில் கேட்ட ரூட்களை உள்ளே ஓஎஸ்பிஎஃப்பில் கொட்டி, வேறொரு ரௌட்டரில் ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து மறுபடி பிஜிபிக்குள் எடுக்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப்புக்கு ஏஎஸ் பாதை என்ற ஒன்றே கிடையாது. அங்கே போய்த் திரும்பிய ரூட் காலிப் பாதையோடு வெளியே வருகிறது. ^$ பிடிக்கிறது. உலகம் முழுவதும் ‘நம்முடைய சொந்த ரூட்’ ஆகிவிடுகிறது. எந்த விபத்தைத் தடுக்க அந்த வரியைப் போட்டார்களோ அதன் கொடூரமான வகையில் அந்த வரி கைகட்டி நிற்கிறது.

இது காகிதக் கணக்கு அல்ல. 1997 ஏப்ரல் 25 அன்று எம்ஏஐ நெட்வொர்க் சர்வீசஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏஎஸ் 7007 செய்தது இதுதான். கேட்ட ரூட்களை /24 துண்டுகளாக உடைத்து, பழைய பாதையை உதறி, எல்லாம் தன்னிடம் பிறந்தவை என்று வெளியே சொன்னது. துண்டு சிறியதென்றால் அதற்கே முன்னுரிமை என்பதால் டிராஃபிக் எல்லாம் அங்கே பாய்ந்தது. ரௌட்டரைக் கழற்றிய பிறகும் அந்த ரூட்கள் மற்றவர்களின் ரௌட்டர்களில் மணிக்கணக்கில் சுற்றின. இன்டர்நெட் வரலாற்றின் முதல் பெரிய ரூட்டிங் விபத்தே ஏஎஸ் பாத் ஃபில்டரால் பிடிக்க முடியாத வகை என்பதை யாரும் பாடத்தில் சொல்வதில்லை.

2008 பிப்ரவரி 24. யூடியூபைத் தடை செய்யச் சொன்ன அரசின் உத்தரவை நிறைவேற்றப் பாகிஸ்தான் டெலிகாம் (ஏஎஸ் 17557) 208.65.153.0/24-ஐ அறிவித்தது. நாட்டுக்குள் நிற்க வேண்டிய அறிவிப்பு மேலிணைப்பான பிசிசிடபிள்யூ வழியே வெளியே போனது. யூடியூப் அறிவித்துக்கொண்டிருந்தது /22. உலகத்தின் யூடியூப் டிராஃபிக் இஸ்லாமாபாத் நோக்கித் திரும்பியது; பிசிசிடபிள்யூ அதை விலக்கிக்கொள்ள இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிசிசிடபிள்யூ பார்த்த பாதை: 17557. இதைவிடச் சுத்தமான வாடிக்கையாளர் பாதை கிடையாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2015 நவம்பர் 6 அன்று ஏர்டெல் (ஏஎஸ் 9498) சுமார் 16,000 பிரிஃபிக்ஸ்களைத் தன்னுடையவை என்று அறிவித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியா (ஏஎஸ் 55410) முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிஃபிக்ஸ்களை அதேபோல அறிவிக்க, அவை ஏர்டெல் வழியாக வெளியே பரவின. அந்த இணைப்பில் ^55410_ என்ற வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றே. முப்பதாயிரமும் 55410-இல் பிறந்ததாகவே வந்தன. அந்த இடத்தில் நின்றிருக்கக் கூடியவை இரண்டு: 55410-க்கு உரிய பிரிஃபிக்ஸ் இவை என்று எழுதிய ஒரு லிஸ்ட், அல்லது ‘இத்தனை ரூட்களுக்கு மேல் வந்தால் செஷனை அறு’ என்கிற மேக்சிமம் பிரிஃபிக்ஸ். பின்னது வெறும் ஒற்றை எண். அழகே இல்லாத முரட்டு எண். ஆனாலும் வந்த ரூட்களை அது தானே எண்ணுகிறது. எதிரே இருப்பவரின் சொல்லை நம்பவில்லை.

விபத்தை விட்டு மோசடிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018 ஏப்ரல் 24 அன்று அமேசானின் டிஎன்எஸ் முகவரிகள் சிலவற்றை ஏஎஸ் 10297 வழியாகத் திசைதிருப்பி, மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ வாலட்டின் பயனர்களிடமிருந்து சுமார் ஒன்றரை இலட்சம் டாலர் மதிப்புள்ள நாணயங்களைத் திருடினார்கள். அங்கேயும் பாதை ஒரே எண், 10297. 2022 ஆகஸ்ட் 17 அன்று செலர் பிரிட்ஜ் என்ற கிரிப்டோ சேவை மீதான தாக்குதலில் திருடர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஏஎஸ் 209243 வழியாக அமேசானின் 44.235.216.0/24-ஐ அறிவித்தபோது, பாதையின் கடைசியில் அமேசானின் எண்ணையே எழுதிவிட்டார்கள். கூடவே பொதுப் பதிவேடு ஒன்றில், அமேசான் 209243-இன் வாடிக்கையாளர் போலத் தோன்றும்படி பதிவும் செய்துவைத்தார்கள். அந்தப் பதிவிலிருந்து யாராவது ரெஜெக்ஸ் உருவாக்கியிருந்தால், அந்த ரெஜெக்ஸே திருடனுக்கு வழிகாட்டியிருக்கும்.

‘அந்த விபத்துகளை எல்லாம் ஆர்பிகேஐ பிடிக்குமே, அதனால்தான் இரண்டும் சேர்ந்தால் போதும் என்கிறோம்’ என்று பதில் வரும். பிடிக்கும். ஆர்ஓஏ இருந்தால் 7007-உம் 17557-உம் 55410-உம் முதல் ரௌட்டரிலேயே நின்றிருக்கும். ஏற்கிறேன். ஆனால் இந்தப் பதிலில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ரெஜெக்ஸ் விட்டதை ஆர்பிகேஐ பிடிக்கிறது. ஆர்பிகேஐ விட்டதை ரெஜெக்ஸ் பிடிக்குமா? ஆர்பிகேஐ விடுவது, கடைசி எண்ணைச் சரியாகப் போலி செய்து எழுதிய பாதையை. அதே வரியைத்தான் ரெஜெக்ஸும் படிக்கிறது. போலி எழுதத் தெரிந்தவருக்கு ரெஜெக்ஸுக்கு ஏற்றபடி எழுதவும் தெரியும். ‘பாதையையும் சரிபார்க்கிறோம்’ என்ற சொல் சரியாக எங்கே பொருளுள்ளதாக இருக்க வேண்டுமோ அங்கேதான் அது காலியாக இருக்கிறது. தடம் மிச்சம் வைக்கிற கசிவுகளில் மட்டும் ரெஜெக்ஸ் உதவும். அதை நான் வரவில் எழுதியாயிற்று.

எழுத்தாக மட்டுமே படிப்பது என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. சுருக்கமாகத் தொட்டுப் போகிறேன். ஏஎஸ் எண் என்பது எண். ரெஜெக்ஸுக்கு அது எழுத்து. கோஜென்ட்டைத் தடுக்க 174 என்று எழுதி, இரு பக்கமும் அடிக்கோடு போட மறந்தால், ஹாத்வேயும் (17488) சேர்ந்து தடுக்கப்படும். 64512 முதல் 65534 வரையிலான தனியார் எண்களைத் தள்ளு என்று சொல்ல வேண்டுமா? வாயால் சொன்னால் ஒரு வாக்கியம். ரெஜெக்ஸில்:

_(6451[2-9]|645[2-9][0-9]|64[6-9][0-9][0-9]|65[0-4][0-9][0-9]|655[0-2][0-9]|6553[0-4])_

இதில் ஒரு இலக்கம் தவறினால் ரௌட்டர் முறையிடாது. அதுவும் முறையான ரெஜெக்ஸ்தான். நான்கு பைட் தனியார் எண்கள் 4200000000-இல் தொடங்கி 4294967294 வரை போகின்றன. அதற்கான ரெஜெக்ஸை இங்கே அச்சிட்டால் பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்வார். நான்கு பைட் எண்களைப் புள்ளி வைத்து எழுதும் முறை ஒன்று இருந்தது. ரெஜெக்ஸில் புள்ளிக்கு வேறு வேலை இருப்பதால் பழைய வடிகட்டிகள் குழம்பும் என்று 2008-இல் ஆர்எஃப்சி 5396 புள்ளி இல்லாத முறையையே பரிந்துரைத்தது. உலகத்தின் எண் எழுதும் முறையே வடிகட்டியின் வசதிக்காக வளைய வேண்டியிருந்தது. அந்தப் புள்ளியும் ஊருக்கு ஊர் மாறும்: சிஸ்கோவில் ஒரு புள்ளி ஒரு எழுத்து, ஜுனிப்பரில் ஒரு முழு ஏஎஸ் எண். ஜுனிப்பர் இதில் எவ்வளவோ மேல். 64512-65534 என்று வரம்பாகவே எழுதலாம். அங்கிருந்து இங்கே ரெஜெக்ஸைக் காப்பியடித்து ஒட்டுபவர் மட்டும் பிழைக்க மாட்டார்.

இவையெல்லாம் கவனமாக இருந்தால் தவிர்க்கக் கூடியவை. அவற்றுக்காக நான் ஒரு கட்டுரை எழுத மாட்டேன். என் புகார் கவனக்குறைவைப் பற்றியது அல்ல. மிகக் கவனமாக, ஒரு அடிக்கோடும் பிசகாமல் எழுதிய ரெஜெக்ஸும் அதே குற்றவாளி.

பாதை வடிகட்டியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு: பராமரிப்பு. முந்நூறு வாடிக்கையாளர்கள் இருந்தால் முந்நூறு பிரிஃபிக்ஸ் லிஸ்ட். ஒருவர் புது முகவரி வாங்கும் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘சார், நெட் வரலை’ என்று செய்தி. ரெஜெக்ஸ் என்றால் ஏஎஸ் எண்ணுக்கு ஒரு வரி, அவர் எத்தனை பிரிஃபிக்ஸ் வாங்கினாலும் தொட வேண்டாம். உண்மை. நம் ஊரில் கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட்டுக்கு வந்த சிறு ஆபரேட்டர்களின் மைக்ரோடிக் ரௌட்டர்களில் இந்த ஒரு வரிக்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும். (அவர்களுக்கு ஒரு குறிப்பு: ரௌட்டர்ஓஎஸ் 6-இல் எந்த விதியிலும் சிக்காத ரூட் ஏற்கப்படும், 7-இல் தள்ளப்படும். பழைய விதிகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.)

ஆனால் அந்தத் ‘தொட வேண்டாம்’ என்ற வசதி எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளர் நாளைக்கு எதை அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வதற்கு இன்றைக்கே ஒப்புக்கொண்டதால் வருகிறது. பிரிஃபிக்ஸ் லிஸ்டைத் திருத்தச் சொல்லி வாடிக்கையாளர் கூப்பிடுவது தொந்தரவாக இருக்கலாம். புதிய முகவரி அவருடையதுதானா என்று யாராவது ஒருவர் கேட்கிற ஒரே தருணம் அதுதான். அந்தத் தருணத்தையே ரெஜெக்ஸ் இல்லாமல் செய்துவிடுகிறது. கையால் திருத்தும் காலமும் போய்விட்டது. பிஜிபிகியூ4 போன்ற கருவி, வாடிக்கையாளரின் ஏஎஸ் செட் பெயரைக் கொடுத்தால் பதிவேட்டைப் படித்து சில நொடிகளில் லிஸ்டை எழுதித் தருகிறது; இரவில் தானாக ஓடவிட்டால் போதும். பதிவேட்டில் குப்பை நிறைய என்பார்கள். நிறையத்தான். செலர் விவகாரத்தில் திருடர்களே அங்கே எழுதினார்கள் என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் வெளியே, எல்லோரும் படிக்கக் கூடிய இடத்தில், தேதியோடு எழுத வேண்டி வந்தது. பின்னால் நடந்ததை ஆய்ந்தவர்களுக்கு அந்தப் பதிவு கிடைத்தது. பிஜிபி பாதையில் எழுதிய பொய், அறிவிப்பை விலக்கியதும் ரௌட்டரின் நினைவிலிருந்து போய்விடும்.

நியாயமாகப் பார்த்தால், பாதை வடிகட்டி விடுகிற ரூட்களைவிட எனக்கு எரிச்சல் தருவது அது செய்யவிடாமல் தடுக்கிற வேலை. ரெஜெக்ஸ் எழுதுவது சுகமான வேலை. மூளைக்கு விளையாட்டு, சான்றிதழ்த் தேர்வில் மதிப்பெண், சக பொறியாளர்களிடம் பெயர். வாடிக்கையாளரிடம் ஆர்ஓஏ போடச் சொல்லி நான்கு முறை போன் செய்வதில் எந்தச் சுகமும் இல்லை. முன்னதை முடித்துவிட்டால் பின்னதைச் செய்ததுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. ‘ஃபில்டர் இருக்கே சார்’ என்ற அந்தப் பதிலை நான் எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு கேட்டிருக்கிறேன். ஃபில்டர் இருந்தது. கேள்விதான் தவறு. ‘இது யாருடைய முகவரி’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘உன் கடிதத்தின் வடிவம் சரியா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் மிகையாகவே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அனுமதி வரியில் ரெஜெக்ஸ் இருக்கிற எந்த வாடிக்கையாளர் இணைப்பையும் வடிகட்டி இல்லாத இணைப்பு என்றே நான் எண்ணுவேன்.

என்னிடம் வரும் கான்ஃபிகரேஷனில் வாடிக்கையாளர் செஷனுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்: பதிவேட்டிலிருந்து தினமும் புதிதாக எழுதப்படும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட், ஆர்பிகேஐ ‘இன்வாலிட்’ என்றால் மறுப்பு, மேக்சிமம் பிரிஃபிக்ஸ். இவற்றுக்கு முன்னால், மறுப்பு வரியாக மட்டும், ரெஜெக்ஸ்: பெரிய டிரான்சிட் நிறுவனங்களின் எண்கள், தனியார் எண்கள், அபத்தமாக நீண்ட பாதைகள். எது நுழையலாம் என்று தீர்மானிக்கிற உரிமை ரெஜெக்ஸுக்கு எந்த வரியிலும் கிடையாது.

பாதையை உண்மையாகவே சரிபார்க்க என்ன வேண்டும் என்பது மர்மம் அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால், பக்கத்து ரௌட்டரைத் தாண்டி, வேறோர் ஆதாரம் வேண்டும். பிஜிபிசெக் அதைச் செய்தது. ஒவ்வொரு ரௌட்டரும் ஒவ்வொரு அறிவிப்பிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. 2017-இல் ஆர்எஃப்சி 8205 ஆக வெளிவந்தது, யாரும் ஓட்டவில்லை. ஏஎஸ்பிஏ அதைவிட எளிமையானது: ‘எனக்கு மேலிணைப்பு தருபவர்கள் இவர்கள்’ என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் ஆர்பிகேஐயில் ஒருமுறை கையெழுத்திட்டு வைத்தால், பாதையில் எழுதியிருக்கிற எண்களை அந்தக் கையெழுத்தோடு ஒப்பிடலாம். உலோகக் கம்பெனி லெவல் 3-க்கு வழி காட்டினால் அப்போது ரெஜெக்ஸ் தேவையே இல்லை. ஐஇடிஎஃப்பில் அது பல ஆண்டுகளாக வரைவாகத் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. அது எல்லோர் ரௌட்டருக்கும் வந்து சேரும்வரை, டெண்டர் ஆவணத்தில் ‘பாத் வேலிடேஷன் உண்டா?’ என்று கேட்கிற கட்டத்தில் ஏஎஸ் பாத் ஆக்சஸ் லிஸ்டைக் காட்டி டிக் அடிக்கும் விற்பனையாளரிடம், ‘இது மறுப்புப் பட்டியல், வேலிடேஷன் எங்கே?’ என்று வாங்குகிற தரப்பாவது கேட்கலாம்.